திரையின் இடது ஓரம்

கடந்த ஒன்றரை வருடத்தில் பார்த்த படங்களைப் பற்றி நான் வாய் கிழியப் பேசியதில் பாதியை இப்போது வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. மிச்சப் பாதியில் மாற்றமில்லை. எது எந்தப் பாதி என்று பிரித்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன். என் பேச்சைக் கேட்டு எந்தத் தயாரிப்பாளரும் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. ஆனால் அந்தப் படங்களை எந்தக் கண்ணால் பார்த்தேனோ, அதே கண்ணை நம்பித்தான் தினமும் பதினோரு பேர் என் வண்டியில் உட்கார்ந்து மலை ஏறினார்கள். அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அது தெரியாமல் நான் கேமராமேன்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வேன் டிரைவர். போளூரில் குடியிருந்துகொண்டு ஜவ்வாது மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் டீச்சர்கள் நிறையப் பேர். பஸ்ஸை நம்பினால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது என்பதால் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து மாத வாடகைக்கு ஒரு வேன் பேசிக்கொள்வார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வளைவுகளில் ஏறி, ஒவ்வொரு ஊர்ப் பிரிவிலும் ஒருவர் இருவராக இறக்கிவிட்டு, ஜமுனாமரத்தூரில் கடைசி ஆளை இறக்குவேன். சாயங்காலம் வரை வண்டியும் நானும் அங்கேயே நிழலில் கிடந்துவிட்டு, திரும்ப எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இறங்குவோம். பதினான்கு வருடம் இப்படி ஓட்டினேன். வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் வரை அது உண்மைதான்.

ஓட்டுவதற்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்தது சினிமா. ஞாயிற்றுக்கிழமை மேட்னி என்பது என் வீட்டில் பூஜை மாதிரி. கலசப்பாக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கல்யாணமான புதிதில் படமே பிடிக்காது. இன்று இடைவேளையிலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுகிறாள். திங்கட்கிழமை காலை வண்டியில் விமர்சனம். முதல் வளைவு வருவதற்குள் நான் ஆரம்பித்துவிட வேண்டும், கடைசி வளைவில் தீர்ப்பு. ‘தியேட்டரில் பார்க்கலாம்’, ‘டிவியில் போட்டால் பார்க்கலாம்’, ‘டிவியில் போட்டாலும் சேனலை மாற்றலாம்’ என்று தீர்ப்பு மூன்றே வகைதான். டீச்சர்கள் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகுட்டிகளோடு படத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

தீர்ப்பை எதிர்க்கும் ஒரே ஆள் கணக்கு டீச்சர். பின்னால் உட்கார்ந்தால் வளைவுகளில் வாந்தி வரும் என்று எப்போதும் எனக்குப் பக்கத்தில், முன்சீட்டில்தான் உட்காருவார். அவரும் ஒரு படம் விடாமல் பார்க்கிறவர். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். வண்டி இரண்டு கட்சியாகப் பிரியும். மலை ஏறுவதே தெரியாது.

முதலில் வந்தது அந்தக் கப்பல் படம். சரக்குக் கப்பலின் அடித்தட்டில் ஒளிந்துகொண்டு நாடு விட்டு நாடு போகும் அண்ணன் தங்கையின் கதை. நல்ல கதைதான். பின்னணி இசைதான் உயிரை எடுத்தது. ஒரு ஆள் கதவைத் திறந்தால் கதவுச் சத்தம் கேட்க வேண்டும். இவர்களுக்கு நூறு வயலின் கேட்கிறது. இந்தக் கருத்தை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. அடுத்து சொன்னதைத்தான் வாங்க வேண்டும்.

“படம் முழுக்க இருட்டு. கேமராமேனுக்குக் கரண்ட் கட் பண்ட்டாங்க போல” என்றேன். வண்டியே சிரித்தது.

“இருட்டா? அந்தப் பொண்ணு மூஞ்சில வேர்வை ஓடறது கூடத் தெரிஞ்சுதேண்ணா” என்றார் கணக்கு டீச்சர்.

“நீங்க முன்னாடி உக்காந்து பாத்திருப்பீங்க டீச்சர்.”

“கடைசி வரிசைல உக்காந்து பாத்தேன்.”

அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது வருகிற எல்லாப் படமும் இருட்டாகத்தான் எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பார்த்த படமெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்லின. ஒரு படத்தைவிட அடுத்த படம் இருட்டாக இருந்தது.

பிறகு ஒரு பேய்ப்படம். பாழடைந்த எஸ்டேட் பங்களா, புதிதாகக் கல்யாணமான ஜோடி, வழக்கமான சரக்கு. தியேட்டரே அலறியது. நான் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கத்தி முடித்த பிறகு, நடுத்திரையில் ஒரு பெண்பிள்ளை தலைவிரி கோலமாக நிற்பாள். இதற்கா இந்தக் கத்தல் என்று தோன்றும். பக்கத்தில் என் வீட்டுக்காரி முகத்தை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். “உங்களுக்குப் பயமே இல்லியா?” என்று கேட்டாள். நான் சிங்கம் மாதிரி சிரித்தேன். சேனலை மாற்றலாம் என்று தீர்ப்பும் சொன்னேன். அந்தப் பேய் திடீரென்று நடுத்திரையில் முளைக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் திரையின் ஓரத்திலிருந்து மெல்ல, மெல்ல நடந்து வந்திருக்கிறது. வருகிறதே, வருகிறதே என்றுதான் ஜனங்கள் அலறியிருக்கிறார்கள். அந்த நடையை நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்குப் படம் விட்டுப் படி இறங்கும்போது வீட்டுக்காரி என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடத்தில் பொது இடத்தில் என் கையைப் பிடிக்காதவள். பேய்ப்படம் செய்த வேலை என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏன் பிடித்தாள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். மூன்று வாரமாக அதே படியின் ஓரத்தில் நான் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறாள். வீட்டிலும் தண்ணீர் அண்டா ஒன்று என் காலில் அடிக்கடி மாட்டும். “ஏங்க, அந்த அண்டா உங்கள இன்னா பண்ணுச்சு, தெனம் ஒதைக்கறீங்க?” என்பாள். “வழில வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது” என்று நான் கத்துவேன். அண்டா அந்த இடத்தில்தான் பத்து வருடமாக இருக்கிறது.

தீபாவளிக்குப் பெரிய நடிகர் படம் வந்தது. நெஞ்சில் நாலு குண்டு வாங்கிக்கொண்டு அம்மாவைப் பற்றி ஒரு முழுப் பாட்டு பாடினார். அதை மன்னிக்கலாம், நம் ஆட்களுக்கு அம்மா பாட்டு இல்லாமல் உயிர் போகாது. கடைசியில் ஒரு திருவிழாக் காட்சி. ஆயிரம் விளக்கு. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வானவில் நிறத்தில் ஒரு வளையம். இந்தக் கேமராமேன் கலைஞன்யா என்று திங்கட்கிழமை உருகினேன்.

“வளையமா? எந்த வளையம்ணா?” என்றார் கணக்கு டீச்சர்.

“ரசனை வேணும் டீச்சர். கணக்குப் போட்டா தெரியாது.”

அந்த வாரம் ஒரு நாள் டீச்சர்களுக்கு ஏதோ கூட்டம், இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே ஏறி வந்த லாரியின் இரண்டு விளக்குகளைச் சுற்றியும் அதே வளையங்கள் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று அழகாகவே இருந்தன. வண்டிக்குள் பதினோரு பேர் அரைத்தூக்கத்தில் தலை ஆட்டிக்கொண்டு வர, நான் அந்த வளையங்களை ரசித்துக்கொண்டே வளைவில் வண்டியைத் திருப்பினேன்.

பொங்கல் கழித்து வந்த பழிவாங்கும் படத்தில்தான் சண்டை முற்றியது. அதில் நடுவே ஒரு சாப்பாட்டுக் காட்சி. கூட்டாளிகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே நிலம் பிரிப்பது பற்றிப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

“பத்து நிமிஷம் ரெண்டு பேரு இட்லி துன்றானுங்க. இதுக்குப் பேரு படமா?” என்றேன்.

“அண்ணா, இன்னாண்ணா சொல்றீங்க? அந்த சீன்லதான் எனக்கு உயிரே போச்சு. அந்தச் செத்தவனோட தம்பி அருவாளோட கதவோரமா நின்னுனே இருக்கான்ல? எப்ப எறங்கும், எப்ப எறங்கும்னு...”

“எந்தத் தம்பி?”

“இடது பக்கம்ணா. அந்தக் கதவுகிட்ட. சீன் பூரா நிக்கிறான்.”

“அந்த சீன்ல தம்பியே இல்ல டீச்சர்.”

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் தூங்கிவிட்டேன் என்று ஒரு தமிழாசிரியர் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சினிமாவில் தூங்குகிற ஜென்மமா நான்?

ஒரு மாதத்தில் அந்தப் படம் ஃபோனுக்கு வந்துவிட்டது. கணக்கு டீச்சர் விடவில்லை. நாங்கள் வழக்கமாக டீக்கு நிறுத்தும் இடத்தில் அந்தக் காட்சியைப் போட்டு என் கையில் ஃபோனைக் கொடுத்தார். பார்த்தேன். தம்பி நின்றான். இடது பக்கக் கதவோரம், கையில் அரிவாளோடு, கண்ணிமைக்காமல் நின்றான். இட்லி சாப்பிடுகிறவன் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் நான் அந்த அரிவாளைத்தான் பார்த்தேன். அருமையான காட்சி. இந்தப் படத்தைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அறிவுள்ளவனாக இருந்தால் அங்கேயே புரிந்திருக்க வேண்டும். கையளவு ஃபோனில் தெரிகிறவன் இருபதடித் திரையில் ஏன் தெரியாமல் போனான்? நானும் யோசித்தேன். யோசித்து, சினிமாக்காரன் மட்டுமே வந்து சேரக்கூடிய முடிவுக்கு வந்தேன். தியேட்டர்காரன் படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுக் காட்டுகிறான்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராக ஆபரேட்டர் அறைக்கே போய்விட்டேன்.

“ஏம்ப்பா, ஸ்க்ரீன்ல இடது பக்கம் ரெண்டடி காணமே?”

“இன்னாண்ணே, ரெண்டடி ஸ்க்ரீன நாங்க வூட்டுக்கா எடுத்துனு போய்ட்டோம்?” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அன்றோடு தியேட்டருக்கு முழுக்குப் போட்டேன். போளூரில் படத்தை இறக்கிக்கொண்டு, மலைமேல் மத்தியான நேரத்தில் ஸ்டியரிங் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாமே தெரிந்தது. இருட்டு இல்லை, ஓரம் வெட்டுப்படவில்லை. பெரிய திரை என்பதே ஏமாற்று வேலை, சினிமாவைச் சின்னதாகப் பார்ப்பதுதான் சுகம் என்று வண்டியில் பிரசங்கம் செய்தேன். பெரிய திரைக்காக உயிரை விட்டவன் நான். என்னை நானே அப்படி மறுத்துப் பேசியும் எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணில் மிச்சமிருந்த இடம் அந்த ஃபோன் அளவுக்குத்தான் இருந்தது, அதனால்தான் படம் முழுதாக உள்ளே வந்தது.

தீபாவளியிலிருந்து அதற்குள் வண்டிக்கு மூன்று அடி விழுந்திருந்தது. இடது பக்கக் கண்ணாடி ஒரு மைல்கல்லில் உரசி உடைந்தது. நெடுஞ்சாலைக்காரன் கல்லைத் தள்ளி நட்டுவிட்டான் என்றேன். ஒரு வளைவில் கைப்பிடிச் சுவர் இடது கதவை நீளமாகக் கீறியது. எதிரே வந்த பஸ்மேல் பழியைப் போட்டேன். சந்தவாசலில் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர், “எல்லா அடியும் ஒரே பக்கமா வாங்கிக்கீறியே” என்று சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்றாவதாக ஒரு ஆடு. அதற்கு நான் யார்மேல் பழி போட்டேன் என்றே ஞாபகமில்லை, ஆட்டின் மேலேயே போட்டிருப்பேன்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், மற்றவர்கள் வருவதற்கு முன்பே கணக்கு டீச்சர் வண்டிக்கு வந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். கோடு போடாத தாளில் நாலு செவ்வகம் வரைந்து, ஒவ்வொன்றிலும் புள்ளிகள் வைத்திருந்தார்.

“இது பேய்ப்படம். பேய் வந்த எடமெல்லாம் புள்ளி வச்சிருக்கேன். இது கப்பல் படம், அந்தப் பொண்ணு மூஞ்சி தெரிஞ்ச எடம். இது தம்பி நின்ன எடம்.”

“இது?” என்று நாலாவதைக் காட்டினேன்.

“இது நம்ம வண்டியோட முன்கண்ணாடி. மைல்கல்லு, செவுரு, ஆடு.” புள்ளிகளின்மேல் விரலை ஓட்டினார். “எல்லாம் ஒரே பக்கம்ணா. கண்ண ஒரு தடவ காட்டிட்டு வாங்களேன்.”

அவர் எவ்வளவு பக்குவமாகச் சொன்னார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு உச்சந்தலையில் ஏறியது. “ஒம்பதாம் கிளாஸ் பசங்களுக்குப் போடற கிராஃப எனக்குப் போடாதீங்க டீச்சர். பதினாலு வருசமா உங்கள ஏத்தி எறக்கறேன், பூ மாதிரி. என் கண்ணப் பத்தி எனக்குத் தெரியும்” என்று கத்தினேன். அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் அதே முன்சீட்டில்தான் வந்து உட்கார்ந்தார். வாந்திக்குப் பயந்து உட்கார்ந்தார் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்குப் பதிலாக அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மலையில் புளி உலுக்கும் காலம் அது. அந்த வெள்ளிக்கிழமை காலை நல்ல வெயில், பனி கிடையாது, பாதை பளிச்சென்று இருந்தது. ஒரு வளைவில் இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டியே அலறியது. முன்சீட்டில் டீச்சர் அலறினார், பின்னால் எல்லோரும் அலறினார்கள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. என் எதிரே பாதை காலியாக இருந்தது. அலறலைக் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன், எதையும் பார்த்து மிதிக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்தபோது பாதையோரப் பள்ளத்திலிருந்து ஒரு மலைக்காரர் எழுந்துகொண்டிருந்தார். தலையில் சுமந்து வந்த மூட்டை வண்டிச் சக்கரத்துக்குக் கீழே கிழிந்து கிடந்தது. பாதை முழுக்கப் புளியம்பழம். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“இன்னாங்க, நேரா என்னியப் பாத்துனேதான வந்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

நானும் டீச்சர்களும் குனிந்து புளியைப் பொறுக்கினோம். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்று நான் சொன்னேன். சூரியன் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

சனிக்கிழமை, வண்டிக்கு வேலை இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். கண் ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை தங்குதடையில்லாமல் படித்தேன். பக்கத்தில் நின்ற கிழவர்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். வீண் செலவு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு இருட்டறை. ஒரு கண்ணை மறைத்துக் கட்டி, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றி அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி வரும். தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்குப் பிடித்த விளையாட்டுதான், எனக்கே எனக்கென்று ஒரு தியேட்டர். வலது கண்ணுக்குப் புள்ளிகள் வந்தன, அமுக்கினேன். இடது கண்ணுக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. காத்திருந்தேன். மெஷினுக்குள் டிக், டிக் என்று சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், மெஷின் நின்னு போச்சு” என்றேன்.

“இல்லீங்க, ஓடினுதான் இருக்குது. நடு லைட்டப் பாருங்க” என்றது அந்தப் பெண்ணின் குரல்.

அந்த ஒரு பேய்ப்படத்துக்கும் சேர்த்து அங்கே பயந்தேன். கண்ணெதிரே படம் ஓடுகிறது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது. டிக், டிக். தெரிந்த மாதிரி நாலைந்து தடவை சும்மா அமுக்கினேன். அதையும் மெஷின் கண்டுபிடித்துவிட்டது.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். இரண்டு வட்டம். ஒன்று முக்கால்வாசிக் கறுப்பு, இன்னொன்றில் மூக்குப் பக்கம் மட்டும் கறுப்பு. கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார். வலி இருக்காது, நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது என்றார். இடது கண்ணில் மிச்சம் கொஞ்சம்தான், வலது கண்ணிலும் இடது ஓரம் போய்விட்டது. “போனது திரும்ப வராது. இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். வண்டி ஓட்டவே கூடாது. டூவீலர்கூட.”

“படம் பாக்கலாங்களா?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

“தாராளமா பாருங்க” என்றார்.

இனி எழுதுவதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத நாற்பத்தாறு வயது ஆள். தாளை நாலாக மடித்து டாஷ்போர்டுக்குள் ரிப்பேர் ரசீதுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். டீச்சர் ஏறியதும் என் முகத்தில் இருந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“போய்ட்டு வந்தீங்களாண்ணா? டாக்டர் இன்னா சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல டீச்சர். கண்ணாடி போடச் சொன்னாரு.”

இப்படிச் சொல்வதற்கென்றே பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “அப்பாடா. நா வேற இன்னான்னாவோ நெனச்சு பயந்துட்டேன். அன்னிக்கு கிராஃப் போட்டதுக்கு மன்னிச்சுக்குங்க” என்றார். மன்னிப்புக் கேட்டார், என்னிடம். அதன்பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வருவதை விட்டுவிட்டார்.

ஒன்பது நாள் ஓட்டினேன். தெரியாமல் ஓட்டியது வேறு, இது தெரிந்தே ஓட்டியது. கோழி மாதிரி தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு ஓட்டினேன். முழுப் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த ஒன்பது நாளும் படம் எதுவும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை விமர்சனத்துக்கு, பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்லி நன்றாக இருந்தது என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

பத்தாவது நாள் கணக்கு டீச்சர் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். யூகேஜி படிக்கும் பாப்பா, அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. என் இடது கைப்பக்கம், எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தார். கையில் ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட். ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை. தான் பார்த்த பொம்மைப் படத்தின் கதையை எனக்கு ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அதில் ஒரு கரடி இருக்கிறது, அது கெட்ட கரடி இல்லை, ஆனால் எல்லோரும் கெட்ட கரடி என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விமர்சகர்களில் அவள்தான் சிறந்தவள் என்று தோன்றியது. நான் முன்னால் பார்த்தபடி “உம்” கொட்டிக்கொண்டே ஏறினேன். டீச்சர் பின்னால் திரும்பி, பரீட்சை டியூட்டி யாருக்கு எங்கே என்று மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

நாலைந்து வளைவு போயிருக்கும். கதை நின்றிருந்தது. தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தேன்.

“அங்கிள், கை வலிக்குது” என்றாள்.

தலையை முழுதாகத் திருப்பினேன். பாப்பா தூங்கவில்லை. என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில், கையை நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களில் ஒரு பிஸ்கட். க்ரீம் உருகி விரலில் வழிந்திருந்தது. எந்த வளைவில் நீட்டினாளோ தெரியாது. நான் வாங்கிக்கொள்வேன் என்று அத்தனை நேரமும் கையை இறக்காமல் இருந்திருக்கிறாள்.

அகலமான இடம் வந்ததும் வண்டியை நிறுத்தினேன். கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை உருவினேன். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன். டாஷ்போர்டைத் திறந்து அந்தத் தாளை எடுத்துச் சாவியோடு சேர்த்து டீச்சரிடம் நீட்டினேன்.

“டாக்டர் கண்ணாடி போடச் சொல்லல டீச்சர். ஓட்டவே கூடாதுன்னுட்டாரு. கொஞ்ச நேரத்துல பஸ் வரும், எல்லாரும் அதுல போய்டுங்க.”

அவர் தாளைப் பிரித்தார். அந்த இரண்டு வட்டங்களையும் பார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா, விளக்கம் தேவைப்படவில்லை. பின்சீட்டிலிருந்து இன்னாச்சு, இன்னாச்சு என்று குரல்கள் வந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்திலிருந்து பாப்பாவை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கினார்.